நால்வர் நிற்கும் வரிசை

2018-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் தொடங்கிய 9-ஆவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி தாழப் பாய்ந்து தலையால் முட்டிய பந்து வலைக்குள் விழுந்தபோது, லீக் சுற்றில் 40 புள்ளிகள் பெற்று மற்றெல்லா அணிகளையும் விட்டு வெகுதூரம் முன்னே சென்றிருந்த பெங்களூரு எஃப்.சி. அணியே கோப்பையையும் கொண்டுபோகும் என்று நினைத்தவர்கள் அநேகர். ஆனால் 17-ஆவது நிமிஷத்தில் ஒரு முறையும், முதற்பாதி முடியும் தறுவாயில் இன்னொரு முறையும், கிரெகரி நெல்சன் கார்னரிலிருந்து தூக்கி அனுப்பிய பந்தை, எதிராளிகளின் தோள்களுக்கு மேலே எழும்பி, சென்னையின் எஃப்.சி. அணியைச் சேர்ந்த மைல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில் நாட்டவர் தலையால் முட்டிக் கோலாக்கினார். பிற்பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். ஆட்டம் முடியும் வேளையில் பெங்களூருக்கு இன்னொரு கோல் கிடைத்தும், 3-2 என்ற கணக்கில் சென்னை இரண்டாம் முறையாகப் பட்டம் வென்றது. அன்று இரண்டு கோல் போட்ட மைல்சன், தம் அணியின் கோலுக்கு முன்னால் நின்று காவல் புரியும் பின்கள ஆட்டக்காரர்.

அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் 18 ஆட்டங்களில் சென்னை அணி வாங்கிய கோல்கள் 19. பெற்ற புள்ளிகள் 32. அடுத்த பருவத்தில், அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரி பொறுப்பில் இருக்க, அதே 18 ஆட்டங்களில் அது வாங்கிய கோல்கள் 32. பெற்ற புள்ளிகள் 9. வென்றவை இரண்டே ஆட்டங்கள். பத்து அணிகளில் அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். பட்டம் வென்ற கையோடு பட்டியலின் அடியில் போய் விழுந்த இந்த விபரீதத்தை, 2018 செப்டம்பரில், பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒருவர் ஊகித்திருக்க முடியுமா? எல்லாவற்றையும் ஊகித்திருக்க முடியாதுதான். ஆனால் பின்கள அரணைப் பொறுத்தவரை, எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த ஆண்டிலேயே கவலை கொண்டிருப்பார் என்பது என் திடமான அபிப்பிராயம். எதைப் பார்க்கவேண்டும் என்பதைத்தான் இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்டிபட்டியில் உட்கார்ந்துகொண்டு சென்னை அணியின் பின்களத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போடி மெட்டு ஏறி மூணாறு வழியாக இறங்கினால் கொச்சி அதில் பாதித் தூரங்கூட இல்லை. ஆகவே எங்கள் பக்கத்தில் கால்பந்தின்மேல் பிரியம் கொண்ட இளைஞர்களில் சிலர் மஞ்சள் சட்டை அணிந்த கேரள அணிக்கும், சிலர் நீலச் சட்டை அணிந்த சென்னை அணிக்குமாகப் பிரிந்து நிற்கிறார்கள். நேரில் சென்று ஆட்டம் பார்த்தவர்களோ இரு சாராரிலும் சொற்பம். மற்றவர்கள் எல்லோரும் தொலைக்காட்சியை நம்பியே இருக்கிறார்கள். தொலைக்காட்சியின் சுபாவம் பந்தைத் துரத்துவது. பந்து எதிரணியின் கோலருகே இருக்கும்போது நம்முடைய பின்களத்தார் நால்வரும் எங்கே நிற்கிறார்கள், ஒருவருக்கொருவர் எத்தனை கஜம் விட்டு நிற்கிறார்கள், யார் யாரைப் பார்த்துக் கை காட்டுகிறார் என்பவை திரையின் விளிம்புக்கு அப்பால் போய்விடுகின்றன. கோல் விழுந்த பிறகு, கடைசியாக வழுக்கி விழுந்தவர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. தவறு நேர்ந்தது அதற்கு ஏழெட்டு விநாடிகளுக்கு முன்னால், திரையில் வராத ஒருவரிடத்தில் என்பதை யாரும் அறிவதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கே ஆராய்ந்து பார்க்கும் பழக்கம் அதிகம் தேவைப்படுகிறது.

பின்களம் ஏன் ஒரு வரிசையாக நிற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். இதற்குக் காரணம் ஆஃப்சைடு விதி. தம் அணியினர் ஒருவர் பந்தை உதைத்தனுப்பும் அந்த க்ஷணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் கடந்து, எதிராளிகளில் கடைசிக்கு முந்தியவரையும் கடந்து, கோலுக்கு அருகே நிற்கும் ஆட்டக்காரர் அந்தப் பந்தை ஆடுவதற்கு உரிமை இழக்கிறார். சாதாரணமாகக் கடைசி ஆள் கோல் கீப்பர் ஆதலால், அவருக்கு முன்னால் நிற்கும் பின்கள ஆட்டக்காரரின் ஸ்தானமே எதிரிக்கு எல்லைக் கோடாகிறது. நால்வரும் ஒன்றாக இரண்டடி முன்னே வந்தால் அந்தக் கோடும் முன்னே வருகிறது. மூவர் வந்து ஒருவர் மட்டும் பின்தங்கிவிட்டால், அந்த ஒருவர் நிற்கும் இடம்வரை எதிரி நுழைந்துவிடலாம். ஒருவருடைய அசிரத்தை மூவருடைய சிரத்தையை வீணாக்கிவிடும் உத்தியோகம் இது.

1925 வரையில் இந்த விதி இன்னும் கடுமையாக இருந்தது. முன்னே நிற்பவருக்கும் கோலுக்கும் இடையே எதிராளிகள் மூவர் இருக்கவேண்டும் என்பது அக்காலச் சட்டம். அதை இருவராகக் குறைத்த உடனே, இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரு பருவத்துக்கு 1,192 ஆக இருந்த கோல்கள் மறு பருவத்தில் 1,703 ஆக உயர்ந்தன. பழைய முறையில் பின்னால் நின்ற இரண்டு பேர் போதவில்லை என்று கண்ட ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன், நடுக்களத்தில் நின்றவரைப் பின்னுக்கு இழுத்து அந்த இருவருக்கும் நடுவே நிறுத்தினார். பந்தைத் தடுத்து நிறுத்துவது ஒன்றையே தொழிலாகக் கொண்ட ஸ்டாப்பர் அப்படித்தான் பிறந்தார். பிறகு 1958-இல் பிரேசில் அணி நால்வரை ஒரே வரிசையில் நிறுத்தி உலகக் கோப்பையை வென்றபின், இன்றுவரை பெரும்பாலான அணிகளுக்கு அதுவே அடிப்படை அமைப்பாக நிலைத்திருக்கிறது. நடுவில் இரண்டு ஸ்டாப்பர்கள், இரு ஓரங்களிலும் இரண்டு பேக்குகள்.

இந்தியன் சூப்பர் லீக்கில் இந்த அமைப்புக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஒரு நேரத்தில் களத்தில் நிற்கக்கூடிய வெளிநாட்டாரின் எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு இருக்கிறது. 2017-18 பருவத்தில் ஐவர். 2021-22 முதல் நால்வர். இந்தச் சில இடங்களை எங்கே செலவழிப்பது என்பது ஒவ்வொரு அணிக்கும் பெரிய பிரச்சினை. பெரும்பாலும் ஓரிருவரை ஸ்டாப்பர் ஸ்தானத்திலும், மற்றவர்களை நடுக்களத்திலும் முன்களத்திலும் வைக்கிறார்கள். ஓர பேக்குகள் இந்தியர்களாகிறார்கள். இதன் விளைவாக, வெளிநாட்டு ஸ்டாப்பர்கள் ஒப்பந்தம் முடிந்து ஆண்டுக்கு ஆண்டு வந்து போய்க்கொண்டிருக்க, வரிசையின் நடுப்பகுதி அடிக்கடி புதிதாகிறது. நம் நாட்டு அணி எதையும் பருவத்துக்கு முன்பு மதிப்பிடும்போது, நடுவில் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் அறிவார்களா என்ற கேள்விதான் முதலில் எழவேண்டும். நம் மண்ணில் நல்ல ஸ்டாப்பர்கள் உருவாவதற்கும் இதே வழக்கம் ஒரு தடையாக நிற்கிறது என்பதை வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி என்ற வேறோர் அணியில் ஓர பேக்காக ஆடிப் பெயர் வாங்கிப் பிறகு பெங்களூரு அணிக்கும் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் சென்ற அஜித்குமாரைப் போன்ற தமிழ் இளைஞர்கள் ஓரத்தில் இடம் பிடித்திருக்கிறார்களே ஒழிய, நடுவில் நிற்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையில் இந்த விஷயம் பேச்சாக அடிபட்டபோது, சக்கம்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டான்: “ஏன் சார், நாலு பேருமே பெரிய பெரிய ஆளுகதானே? பிறகு ஏன் சார் இம்புட்டுக் கோலு வாங்குறாய்ங்க?” அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஆளைப் பாக்காதப்பா. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற எடத்தைப் பாரு. பந்து அங்கிட்டுப் போகுதுன்னா, இங்கிட்டு நிக்கிறவன் என்ன பண்றான்னு பாரு. பந்துகிட்ட நிக்கிறவன் ஓடத்தான் செய்வான். அதுல என்ன இருக்கு?”

பல ஆண்டுகள் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய அனுபவம் பேசிய பேச்சு அது. மதுரையிலிருந்து தேனிக்கு வருகிறவர்கள் ஆண்டிபட்டிக் கணவாயை அறிவார்கள். இருபுறமும் மலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும், சாலையும் ரயில் பாதையும் இரண்டு மலைகளுக்கும் நடுவே கிடைத்த தாழ்ந்த வழியைத் தேடிக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. ஸ்டாப்பருக்கும் ஓர பேக்குக்கும் நடுவே திறக்கும் வழியும் அத்தகையதே. ஓர பேக் தம் அணி தாக்கும்போது முன்னே ஓடிவிட்டால், அவருக்குப் பின்னால் ஓர் இடம் காலியாகிறது. அதை மூடப் பக்கத்து ஸ்டாப்பர் ஓரமாக நகர்கிறார். அவர் விட்ட இடத்தை மற்ற ஸ்டாப்பர் வந்து நிரப்பவேண்டும். அவர் விட்ட இடத்துக்கு மறுபுறத்து பேக் உள்ளே ஒடுங்கவேண்டும். இந்த நான்கு நகர்வுகளும் ஒரே மூச்சில், யாரும் யாரையும் கேட்காமல் நடந்தால்தான் வழி அடைபடும். கேட்டுக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. பழக்கத்தினால் மட்டுமே கைவரும் வித்தை இது. பணம் கொடுத்து ஒரே கோடையில் வாங்கக்கூடியதன்று.

பழக்கத்தின் அருமைக்குச் சாட்சி சொல்லக்கூடிய இருவர் சென்னை அணியிலேயே இருந்திருக்கிறார்கள். 2014-இல் அந்த அணி தொடங்கப்பட்டபோது பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தவர் மார்க்கோ மத்தரேஸி. அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் அவர் அழைப்பில் வந்து ஆடியவர் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா. இருவரும் 2006-இல் உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் பின்களத்தார். அந்தப் போட்டி முழுவதிலும் இத்தாலி வாங்கியவை இரண்டே கோல்கள். ஒன்று தன் ஆட்டக்காரரே தவறுதலாகப் போட்டது, மற்றொன்று இறுதியாட்டத்தில் ஸினதீன் ஸிதான் உதைத்த பெனால்டி. எதிரி ஒருவர் ஓட்டத்தில் பந்தைக் கொண்டுவந்து போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் நடுவில், செக் நாட்டுடன் ஆடிய ஆட்டத்தில் நெஸ்டா காயமுற்று வெளியேற, அவருக்குப் பதில் உள்ளே வந்தவர்தான் மத்தரேஸி. உலகத்தின் தலைசிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவரை இழந்தும் அந்த அரண் ஏன் சரியவில்லை? பக்கத்தில் ஃபாபியோ கன்னவாரோ இருந்தார். பின்னால் கோல் கீப்பர் புஃபோன் இருந்தார். முன்னால் கத்தூஸோ இருந்தார். சுற்றிலும் நிற்பவர்கள் மாறாமல் இருக்கும்போது நடுவில் ஒருவர் மாறினால் அரண் தாங்கிக்கொள்ளும். மாற்றம் ஒன்றாக நிற்காமல் இரண்டு மூன்றாகும்போதுதான் ஆபத்து.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு 2018-இன் சென்னை அணிக்குத் திரும்புவோம். பட்டம் வென்ற பின்களத்தில் வலப்புறம் ஸ்பெயின் நாட்டு இனிகோ கால்டெரோன். நடுவில் மைல்சனும், அணித் தலைவரான போர்ச்சுகல் நாட்டு ஹென்ரிக் செரேனோவும். இடப்புறம் மிஸோரத்து இளைஞர் ஜெர்ரி லால்ரின்சுவாலா. பின்னால் கரன்ஜித் சிங். இவர்களுக்கு முன்னால் கேடயம் போல நின்றவர் சென்னை வியாசர்பாடியிலிருந்து எழுந்து வந்த தனபால் கணேஷ். எதிரியின் பாஸ் பின்களத்தாரை வந்தடைவதற்கு முன்பே அதை மறித்துவிடுவது அவர் வேலை. அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். ஆரவாரமில்லாத இந்த உழைப்பைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் கணேஷைப் போன்ற ஒருவர் முன்னால் நின்றால், பின்னால் நிற்கும் ஸ்டாப்பர் ஓர் ஆட்டத்தில் பத்து முறை ஓடவேண்டிய இடத்தில் ஐந்து முறை ஓடினால் போதும்.

அந்தக் கோடையில் செரேனோ அணியை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு பிரேசில் நாட்டு ஏலி சாபியா வந்தார். சாபியா தேர்ந்த ஆட்டக்காரர் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் நிரூபித்தன. ஆனால் போனது ஒரு ஸ்டாப்பர் மாத்திரமல்ல. வரிசையை முன்னே ஏற்றவும் பின்னே இறக்கவும் குரல் கொடுத்த தலைவரும் அவரே. கால்டெரோனுக்கு 36 வயது நடந்துகொண்டிருந்தது. நிதானத்துக்கும் அனுபவத்துக்கும் குறைவில்லை என்றாலும், முன்னே ஓடிப் பின்னே திரும்பும் ஓர பேக்கின் கால்களுக்கு ஒவ்வோராண்டும் கணக்கில் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனபால் கணேஷ் முழங்காலில் காயம்பட்டு நீண்ட காலம் களத்துக்கு வர முடியாமற் போனார். ஆக, பெயர்ப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு நால்வரில் ஒருவர்தான் மாறியதாகத் தோன்றியது. உண்மையில் நடுவில் ஒருவரும், முன்னால் ஒருவரும், கட்டளையிட்ட குரலும் மாறிப்போயிருந்தன.

விளைவு பிரத்தியட்சமாக விளங்கிய ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். அக்டோபர் மாதம் சென்னை நேரு விளையாட்டரங்கில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் ஆடியபோது, சென்னை 3-1 என்று முன்னிலை பெற்றிருந்தது. இரண்டு கோல் முன்னிலையோடு சொந்த மண்ணில் நிற்கும் பட்டம் வென்ற ஓர் அணி, பந்தை நிதானமாகத் தன் வசம் வைத்துக்கொண்டு, வரிசையைக் குலைக்காமல், நேரத்தைக் கடத்திவிட்டிருக்கவேண்டும். அதற்கு மாறாக, நார்த்ஈஸ்டின் நைஜீரிய முன்கள வீரர் பார்த்தலோமியூ ஒக்பேச்சே ஒருவரே மூன்று கோல்கள் போட, சென்னை 4-3 என்று தோற்றது. அனுபவம் மிக்க முன்கள வீரர் எப்போதும் இரு ஸ்டாப்பர்களில் ஒருவருடைய தோளருகே போய் நிற்பதில்லை. இருவருக்கும் நடுவே, இவர் பொறுப்பா அவர் பொறுப்பா என்று சந்தேகம் எழும் இடத்தில்தான் நிற்பார். பழகிய ஜோடிக்கு அந்தச் சந்தேகம் எழாது. புதிய ஜோடிக்கு அரை விநாடி எழும். அந்த அரை விநாடி போதும்.

நியாயமாகப் பேசினால், குற்றம் முழுவதையும் பின்களத்தின்மேல் சுமத்துவதும் தகாது. முந்தின பருவத்தில் 24 கோல் போட்ட அணி அந்தப் பருவத்தில் 16 கோல்தான் போட்டது. கோல் கிடைக்காத அணி மேலும் மேலும் ஆட்களை முன்னே அனுப்புகிறது. அனுப்பிய அளவுக்குப் பின்னே காலியிடம் பெருகுகிறது. முன்களம் வறண்டால் அதன் தண்டனையைப் பின்களமும் சேர்ந்து அனுபவிக்கிறது. பருவத்துக்கு முன்பே அரணை மதிப்பிடுகிறவர் முன்களத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வது அவசியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மாறாக, பின்களமே முன்களத்துக்குக் கைகொடுப்பதும் உண்டு. அதே பருவத்தில், 2019 மார்ச்சில், சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 43 புள்ளிகளுடன் ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது; அன்றைய மூன்று கோல்களில் இரண்டைப் போட்ட கௌரவ் போரா பின்களத்தில் நின்றவர். ஓராண்டு இடைவெளியில், தமிழகத்தின் இரண்டு அணிகளுக்கு இரண்டு பட்டங்களைத் தீர்மானித்த ஆட்டங்களில் பின்களத்தார் இருவர் ஆளுக்கு இரண்டு கோல் போட்டிருக்கிறார்கள். ஆகவே கார்னர், ஃப்ரீ கிக் சமயங்களில் எதிரியின் பாக்ஸுக்குள் சென்று உயரத்தில் பந்தை வெல்லக்கூடிய ஸ்டாப்பர் இருக்கிறாரா என்பதும் மதிப்பீட்டில் சேரவேண்டிய அம்சந்தான். நம் கோலருகே அதே பந்தை வெளியே முட்டி அனுப்பப் போகிறவரும் அவரே அல்லவா?

இனி, புள்ளிவிவரங்களை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கிய கோல்களின் எண்ணிக்கை எளிதில் கிடைக்கக்கூடியது. அதனாலேயே அதன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கிறோம். சென்னையின் எஃப்.சி. அணி 2020-21 பருவத்தில் 20 ஆட்டங்களில் 23 கோல்கள் வாங்கியது; 2021-22 பருவத்தில் அதே 20 ஆட்டங்களில் 35 கோல்கள் வாங்கியது. ஒன்றரை மடங்கு மோசம் என்றுதான் யாரும் சொல்லுவார்கள். ஆனால் இரண்டு பருவங்களிலும் அணி போட்ட கோல்கள் 17. பெற்ற புள்ளிகள் 20. கிடைத்த இடம் எட்டு. மூன்றிலும் இம்மியும் வித்தியாசம் இல்லை! பெருந்தொற்றுக் காரணமாக இரண்டு பருவங்களின் லீக் ஆட்டங்களும் கோவாவில், பார்வையாளர் இல்லாத அரங்குகளில் நடந்தன என்பதால் சொந்த மண், வெளி மண் என்ற பேதமும் இல்லை.

இது எப்படி நேர்ந்தது? முதற்பருவத்தில் அணி மூன்றே ஆட்டங்களில் வென்றது. 11 ஆட்டங்களைச் சமனில் முடித்தது. அரண் உறுதியாக நின்றது, ஆனால் அந்த உறுதியைப் புள்ளிகளாக மாற்ற முன்களத்தால் ஆகவில்லை. மறு பருவத்தில் ஐந்து ஆட்டங்களில் வென்றது, பத்தில் தோற்றது, தோற்றவற்றில் கோவாவிடம் 5-0 என்று அடிபட்ட ஆட்டமும் ஒன்று. ஒன்றுக்கு ஐந்தாக வாங்கினாலும் தோல்வி ஒன்றுதான்; புள்ளிக் கணக்கில் அது 1-0 தோல்விக்குச் சமம். ஆகவே ஒரு பின்களத்தின் சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்க்கிறவர் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்கவில்லை, எத்தனை ஆட்டங்களில் முன்னிலை பெற்றபின் இழந்தது, கோல்கள் ஒரே ஆட்டத்தில் கொட்டினவா, பல ஆட்டங்களில் சொட்டுச் சொட்டாக விழுந்தனவா என்று பிரித்துப் பார்ப்பதே முறை. கொட்டியது என்றால் அன்று ஏதோ ஒரு சீர்குலைவு, ஒரு சிவப்பு அட்டை, ஒரு காயம் காரணமாக இருக்கலாம். அது திரும்ப வரவேண்டும் என்பதில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தது என்றால் அமைப்பிலேயே ஓட்டை இருக்கிறது.

பருவத்துக்கு முந்திய ஆட்டங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1888-இல் தொடங்கிய ட்யூரண்ட் கோப்பை இப்போது பல அணிகளுக்கு முன்னோட்டக் களமாகப் பயன்படுகிறது. அங்கே சில அணிகள் இளைஞர்களையே இறக்குகின்றன. சில அணிகளுக்கு வெளிநாட்டார் வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே வெற்றி தோல்வியைக் கொண்டு எதையும் தீர்மானிப்பது பிசகு. நான் அங்கே பார்ப்பது, தம் அணி பந்தை இழந்த மறு விநாடி. அந்த விநாடியில் நால்வரும் ஒரே திசையில் திரும்புகிறார்களா, அல்லது இருவர் முன்னே பாய, இருவர் பின்னே ஓடுகிறார்களா? எதிரியின் கோல் கீப்பர் நீளமாக உதைத்த பந்தை ஒரு ஸ்டாப்பர் முட்ட எழும்பும்போது, மற்றவர் அவருக்குப் பின்னால் சில கஜம் தள்ளி வந்து நிற்கிறாரா, அல்லது அவரும் பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரா? கோல் கீப்பர் வாய் திறந்து பேசுகிறாரா? தோற்ற ஆட்டத்தில்கூட இவை ஒழுங்காக நடந்தால் எனக்குத் திருப்தி. 4-0 என்று வென்ற ஆட்டத்தில் இவை நடக்கவில்லை என்றால் மனம் சஞ்சலப்படுகிறது. தொலைக்காட்சியில் இவற்றைப் பார்ப்பது கடினம் என்று முன்னே சொன்னேன். ஆனால் கோல் கிக், கார்னர் முதலிய சமயங்களில் காமிரா சற்றுப் பின்வாங்கி அகலமாகக் காட்டுகிறது. அந்தச் சில விநாடிகளில் பந்தை விட்டுவிட்டு வரிசையைப் பார்க்கப் பழகிக்கொண்டால், ஒரே ஆட்டத்துக்குள் எவ்வளவோ தெரிந்துவிடும்.

பழக்கம் அரணைத் தேற்றும் என்பதற்கும் சென்னை அணியே உதாரணம். 2019 கோடையில், மும்பை அணியில் சில பருவங்கள் ஆடி இந்த லீக்கை நன்கு அறிந்திருந்த ருமேனிய நாட்டு லூசியன் கோயன், ஏற்கெனவே ஓராண்டு சென்னையில் ஆடிய ஏலி சாபியாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொடக்கம் சோகமாகவே இருந்தது; பருவத்தின் நடுவில் ஜான் கிரெகரி விலக, ஓவன் காய்ல் பொறுப்பேற்றார். அந்தப் பருவத்தின் 18 லீக் ஆட்டங்களில் வாங்கிய 26 கோல்கள் பெருமைக்குரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் முந்தின ஆண்டில் நடுங்கிய வரிசை, ஆட்டம் செல்லச் செல்ல ஒருவரையொருவர் நம்பத் தொடங்கியது. முன்களத்தில் லிதுவேனிய நாட்டு நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்கள் போட்டு அதற்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தார். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவை 4-1 என்று வென்று, மறு ஆட்டத்தில் 4-2 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்ற கணக்கில் மயிரிழையில் இறுதிக்குச் சென்ற அந்த அணி, 2020 மார்ச் 14-ஆம் தேதி ஆளில்லாத ஃபடோர்டா அரங்கில் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றது. கடைசி இடத்திலிருந்து ஓராண்டில் இறுதியாட்டத்துக்கு வந்ததை நான் சாமான்யமான காரியமாகக் கருதவில்லை. எனினும் இரண்டு அரையிறுதி ஆட்டங்களில் ஐந்து கோல் வாங்கிய பின்களம் இறுதியில் மூன்று வாங்கியதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

ஆகவே அடுத்த பருவத்துக்கு எந்த அணியைப் பற்றி யார் கேட்டாலும், வந்தவர்கள் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, போனவர்கள் பட்டியலை முதலில் வாங்கிப் பார்க்கிறேன். போனவர்களில் ஸ்டாப்பர் ஒருவர் என்றால் கவலை கொஞ்சம். ஸ்டாப்பரும் அவருக்கு முன்னால் நின்ற நடுக்களக் காவலரும் சேர்ந்து போயிருந்தால் கவலை அதிகம். கோல் கீப்பரும் கூடவே போயிருந்தால் அந்த அணியிடம் டிசம்பர் வரையில் எதையும் எதிர்பார்ப்பதில்லை. பிறகு, முதல் மூன்று ஆட்டங்களில் அதே நால்வர் அதே இடங்களில் இறங்குகிறார்களா என்று குறித்துக்கொள்கிறேன். நான்காவது ஆட்டத்திலும் பயிற்சியாளர் ஆள் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால், அவருக்கே இன்னும் விடை கிடைக்கவில்லை என்று அர்த்தம்.